நெல்லிக்காய் அளவு வெண்ணெய்

கூடாரவல்லிக்கு முதல் நாள் காலையில் ஸ்ரீரங்கராஜன் தன் அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக நெய் காய்ச்சினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் இரும்பைக் காய்ச்சிய மனுஷனுக்கு ஒரு டப்பா வெண்ணெயைக் காய்ச்சுவது என்ன பிரமாதம் என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்பில்தான் எல்லா வினையும் வந்தது.

மனைவி கமலவல்லி வீட்டில் இல்லை. துவாக்குடியில் இருக்கும் மகளுக்குப் பொங்கல் சீர் கொடுக்க முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். மறுநாள், மார்கழி இருபத்தேழாம் நாள், ஸ்ரீரங்கத்தில் அக்காரவடிசில் பொங்காத வீடு இருக்காது. அரிசியைப் பாலிலேயே குழைய விட்டு, வெல்லம் சேர்த்து, நெய்யை ஊற்று ஊற்று என்று ஊற்றிச் செய்கிற பண்டம் அது. அலுத்துச் சலித்து வருகிறவள் நெய் வேறு காய்ச்ச வேண்டாமே, நாமே காய்ச்சி வைத்து அசத்திவிடலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும் இடத்தைத் தாண்டி அவர் கை உள்ளே போனதில்லை. அன்றைக்குப் பின்வரிசை வரை போனது. அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, முக்கால்வாசி நிறைய, இளமஞ்சளாக, வழவழவென்று. 'அடேங்கப்பா, இத்தனை சேர்த்து வைத்திருக்கிறாளே!' என்று மனைவியின் சமர்த்தை மெச்சியபடி, கொஞ்சம் மட்டும் டப்பாவில் விட்டுவிட்டு மீதியை வாணலியில் போட்டார்.

வெண்ணெய் அந்த வீட்டில் சும்மா தின்கிற பண்டம் இல்லை. பூஜை மாடத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்து வெண்ணெய் ஏந்திய ஒரு நவநீத கிருஷ்ண விக்ரகம் இருக்கிறது. தினமும் காலையில் திருவாராதனப் பூஜை செய்து, சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் நெல்லிக்காய் அளவு பசு வெண்ணெய் அந்தக் கண்ணனுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணுவார்கள். உப்பிலியபுரத்திலிருந்து அமிர்தம் என்கிற பெண்மணி வாராவாரம் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுக்கிற வெண்ணெய். பெருமாளுக்குக் காட்டிய பிறகு அதுதான் ஸ்ரீரங்கராஜனுக்குப் பிரசாதம். அது தொண்டையில் இறங்கின பிறகுதான் தோசையோ இட்லியோ. பெருமாளுக்குக் காட்டாததைத் தின்பதில்லை என்று ஒரு வைராக்கியம் அவருக்கு. ஒர்க்‌ஷாப் காண்டீனில் அத்தனை வருஷத்தில் ஒரு வாய் டீ குடித்தவரில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கொரோனா வந்து அவருடைய மோப்பத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. அதோடு ருசியும் போயிற்று. உப்பும் புளிப்பும் ஏதோ தெரியும், மற்றதெல்லாம் மண்தான். அடுத்த வருஷம் மார்வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். புத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சபீனா, "நெய், வெண்ணெய், வடை, பஜ்ஜி எல்லாத்துக்கும் பெரிய கும்பிடா போட்டுடுங்க" என்றார். மற்ற எல்லாவற்றையும் விட்டார். வெண்ணெயை மட்டும் விட முடியாது என்று குரங்குப்பிடியாக நின்றார். கமலவல்லி கெஞ்சினாள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். நாலாம் நாள், "சரி, உங்க இஷ்டம். பெருமாளுக்கு உண்டானதை நிறுத்தச் சொல்ல நான் யாரு? நானே தினம் என் கையால எடுத்துத் தரேன்" என்று இறங்கி வந்தாள்.

அந்த வார்த்தையில் மனுஷன் உருகிப்போனார். ருசி போயிற்று, தட்டிலிருந்து பாதிப் பண்டம் போயிற்று. தனக்கென்று மிச்சமிருந்த அந்த ஒரு நெல்லிக்காயை அவள் மதித்தாளே! அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. போன மாசம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறி, நல்ல கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "பேக்கரி அயிட்டம் ஏதாவது சாப்பிடறீங்களா? பஃப்ஸ், பிஸ்கட், டால்டா?" என்று துருவிக் கேட்டபோது, அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெருமாள் பிரசாதம் ஒரு நெல்லிக்காய். அதைத் தவிர வேற எந்தக் கொழுப்பும் என் நாக்குல பட்டதில்ல. ரங்கநாதன் சாட்சி" என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது வாணலியில் நுரை பொங்கியது. பொங்கியது அடங்கியது. சடசடவென்று சத்தம் ஓய்ந்து அடியில் கசண்டு சிவக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார், ஒன்றும் சிவக்கவில்லை. பதம் பார்க்க அவருக்கு மூக்கும் இல்லை. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது மாடியில் குடியிருக்கும் சௌமியா கொல்லைப்புறப் படி வழியாக எட்டிப் பார்த்தாள். ஆர்டர் பிடித்து வீட்டிலேயே கேக்கும் பஃப்ஸும் செய்து விற்கிற பெண் அவள்.

"என்ன மாமா அடுப்புல? வாசனை மாடி வரைக்கும் வருது."

"நெய் காய்ச்சறேம்மா. பதம் வந்துடுத்தான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

அவள் வாணலியைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்துவிட்டாள். "இது எங்க மாமா நெய்யாகப் போகுது? மார்ஜரின் இது. பஃப்ஸுக்கு நான் போடுறதே இதுதான். நாளெல்லாம் காய்ச்சினாலும் எண்ணெயாத்தான் நிக்கும்."

"என்னது அது?"

"எண்ணெயைக் கட்டியாக்கி, கலரும் வாசனையும் சேர்த்து வெண்ணெய் மாதிரியே பண்ணி விக்கிறாங்கல்ல, அது மாமா. டால்டாவுக்குத் தங்கச்சின்னு வெச்சுக்கங்க."

"அப்போ உன் டப்பாதான் எங்காத்து ஃப்ரிட்ஜுக்கு வந்துடுத்துபோல."

"என்னோடது என்கிட்டத்தான் மாமா இருக்கு. இது மாமியோடது. மாமிதான் உங்களுக்கு…" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. ஓவன்ல கேக் இருக்கு." இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிப்போனாள்.

ஸ்ரீரங்கராஜன் அடுப்பை அணைத்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: ரத்தினவேல் ஏஜென்சீஸ், காந்தி மார்க்கெட். ரத்தினவேல் என்றால் யாரோ எவரோ இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய நின்றவன்.

டப்பாவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவருக்குப் பொறுமை இல்லை. இறங்கி, காந்தி மார்க்கெட்டின் வெங்காய மூட்டைகளையும் கைவண்டிகளையும் இடித்துக்கொண்டு போய், ரத்தினவேலின் கடைமேஜை மேல் டப்பாவை வைத்தார்.

"வாய்யா ஐயங்காரே! என்ன அதிசயமா கடைப்பக்கம்?" என்ற ரத்தினவேல் டப்பாவைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கண்டுபிடிச்சுட்டியா! மூணு வருசம் தாக்குப்பிடிச்சதே பெருசுதான். தங்கச்சி கெட்டிக்காரி!"

"சிரிக்காதே ரத்தினவேல்."

"அட, உக்காருய்யா. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரம் தங்கச்சி இந்தப் படியிலதான் உக்காந்து அழுதுச்சு. 'அண்ணே, இவரு வெண்ணெயை விட மாட்டேங்கறாரு, என் தாலி நிக்குமான்னு பயமா இருக்கு'ன்னுச்சு. பாக்க வெண்ணெய் மாதிரியே இருக்கணும், நெஞ்சுக்குக் கெடுதல் பண்ணக் கூடாதுன்னு கேட்டுச்சு. நான்தான் இதைக் குடுத்தேன். செடியில இருந்து வர்ற எண்ணெய்ய்யா, ஒரு பொட்டு கொலஸ்ட்ரால் கிடையாது. அட்டைப்பெட்டியிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான், வேணும்னா படிச்சுப் பாரு."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"உன் பொண்ணுக்குத் தெரியும். மாப்பிள்ளையே ரெண்டு தடவை வந்து வாங்கிட்டுப் போயிருக்காரே." ரத்தினவேல் குரலை இறக்கினார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தானய்யா."

நல்லதுக்குத்தான்! ஊரில் நடக்கிற துரோகம் எல்லாம் நல்லதுக்கு என்றுதான் நடக்கிறது. ஸ்ரீரங்கராஜனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் காவேரிக் கரையோரம் நடக்கிறார்கள். "என் பொண்டாட்டி மாதிரி யாருக்குடா அமையும்? எவ்வளவு பயம் இருந்தாலும் பெருமாள் வெண்ணெயை ஒரு நாள் நிறுத்தலையே அவ" என்று இவர் சொல்லும்போதெல்லாம், இந்த ரத்தினவேல், "குடுத்து வெச்சவன்யா நீ" என்று தலையாட்டிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறான். உள்ளுக்குள் சிரித்திருப்பானோ? வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருப்பானோ? அந்த நினைப்பு தாங்க முடியாமல் இருந்தது.

"ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?"

ரத்தினவேல் மேஜைத் துணியை நீவிவிட்டார். "தங்கச்சி சத்தியம் வாங்கிடுச்சு."

"தினம் என் கையால எடுத்துத் தரேன்னு எனக்குக் குடுத்த வாக்கு என்ன ஆச்சுன்னு அவளைக் கேட்டியா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே புத்தூருக்குப் போனார். அவருக்கு இப்போது ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. வெண்ணெய் உசத்தியா, இது உசத்தியா? இரண்டில் எது தன்னைக் கெடுத்தது? டாக்டர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் போதும், அத்தனை பேரையும் நிற்க வைத்துக் கேட்டுவிடலாம்.

டாக்டர் சபீனா டப்பாவைத் திறந்து பார்த்தார். ஸ்பூன் நுனியில் எடுத்து மோந்து பார்த்தார். கதையைக் கேட்டபோது அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஸ்ரீரங்கராஜன் முகத்தைக் கண்டதும் அதை அடக்கிக்கொண்டார்.

"இங்க பாருங்க சார். வெண்ணெயும் உங்களுக்கு ஆகாதுதான். அதுல இருக்கிற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். மார்ஜரின்லயும் பல தினுசு இருக்கு. எண்ணெயைக் கட்டியாக்கற பழைய முறையில டிரான்ஸ் கொழுப்புன்னு ஒண்ணு உண்டாகும். அது கெட்டதையும் ஏத்தும், நல்லதையும் இறக்கும். அது இதுல நெறைய இருந்தா, வெண்ணெயைவிட மோசம்னுதான் சொல்லுவேன். இப்ப சட்டம் போட்டு அதை ரொம்பக் குறைச்சுட்டாங்க. வெளிநாட்டுல ஸ்பூன்ல வழிக்கிற மாதிரி மெத்துன்னு வர்றதை, வெண்ணெய்க்குப் பதிலா சாப்பிடலாம்னுகூட சொல்றாங்க. ஆனா இது சில்லறையா அடைச்சுக் குடுத்த டப்பா. என்ன எண்ணெய், எந்தக் காலத்துச் சரக்கு, எதுவுமே இதுல எழுதலையே."

"அப்போ என் நல்ல கொலஸ்ட்ரால் இறங்கினதுக்கு இதுதான் காரணம்?"

"அப்படி நான் சொல்லலையே. நெல்லிக்காய் அளவுங்கறீங்க. நடக்கறது குறைஞ்சாலும் இறங்கும், சுகர் ஏறினாலும் இறங்கும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டையும் நிறுத்திடுங்க, அதான் என் கட்சி. வீட்ல அம்மாகிட்ட கோவிச்சுக்காதீங்க."

அவர் எழுந்துவிட்டார். 'இருந்தா' என்பதும் 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதும் கிளினிக் வாசலிலேயே உதிர்ந்துவிட்டன. 'வெண்ணெயைவிட மோசம்' என்பதை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அதைவிடப் பெரிய அஸ்திரம் ஒன்றும் கையில் இருந்தது. தன்னை ஏமாற்றியதாவது போகட்டும். பெருமாளையே அல்லவா ஏமாற்றியிருக்கிறாள்! மூன்று வருஷமாகப் பேக்கரிச் சரக்கை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துக் கண்ணனுக்குக் காட்டியிருக்கிறாள். இதற்கு அவள் என்ன சொல்லிவிட முடியும்? மதியம் சாப்பிடாமல், ஒத்திகை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கமலவல்லி வந்தாள். கையில் கரும்பும், மகள் கொடுத்தனுப்பிய காய்கறிப் பையும். கூடத்தில் மேஜை மேல் டப்பாவைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"சௌமியா போன் பண்ணினா" என்றாள் மெதுவாக. "பஸ்ஸுல வரும்போதே தெரியும்."

"ஓஹோ. அவளும் கூட்டு. உன் பொண்ணு கூட்டு, மாப்பிள்ளை கூட்டு, அந்த ரத்தினவேல் கூட்டு. இந்தாத்துல கேனயன் ஒருத்தன்தான், இல்லையா? மூக்கு போனவன்தானே, எதைக் குடுத்தாலும் முழுங்குவான்னுதானே!"

"அப்படிச் சொல்லாதேங்கோ."

"பின்னே எப்படிச் சொல்றது? கொரோனா என் மூக்கைத்தான் எடுத்துண்டு போச்சு. அதை வெச்சு நீ என் காதுல பூச்சுத்தினே. போகட்டும், என்னை விடு. பெருமாளுக்கு வெச்சியேடி இதை! எங்கப்பா தொட்டு ஆராதிச்ச மூர்த்திக்கு!"

கமலவல்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அபசாரம், அபசாரம்! பெருமாளுக்கு இதை வெப்பேனா? அவருக்கு ஒரு நாள் தவறாம அமிர்தம் கொண்டுவர வெண்ணெய்தான்."

ஸ்ரீரங்கராஜனுக்குப் புரியவில்லை. "அப்புறம்?"

"நீங்க சேவிச்சு எழுந்து, துளசிக்குத் தீர்த்தம் விட்டுட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகுமே. கிண்ணத்தை எடுத்துண்டு உள்ள போவேன். அதை எடுத்துட்டு இதை வெச்சுக் கொண்டுவந்து தருவேன். அவ்வளவுதான்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிரசாதத்தைக் கீழ போட முடியுமா? அதை நான் சாப்பிட்டுட்டேன்."

ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. ஆயிரம் காலை. ஆயிரம் காலையாகக் கண்ணை மூடி, கையை ஏந்தி, தலையில் ஒற்றிக்கொண்டு அவர் சாப்பிட்டது பிரசாதமே இல்லை. பெருமாள் கண்ணாலும் பார்க்காத ஏதோ ஒன்று. காண்டீன் டீயைக்கூடத் தொடாத வாயில் தினமும் அதுதான் முதல் கவளமாகப் போயிருக்கிறது. அவள் பெருமாளையும் ஏமாற்றியிருந்தால்கூடத் தேவலை என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்குத் துணைக்கு ஓர் ஆள் இருந்திருக்கும்.

"அவருக்கு நிஜம், எனக்குப் பொய்யா?" என்றார். "அவரை ஏமாத்தப் பயமா இருந்தது. என்னை ஏமாத்தப் பயமா இல்லையே உனக்கு."

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் பயம். தினம் அவர்கிட்ட சொல்லிண்டுதான் செஞ்சேன். 'நீதான் இவரைக் காப்பாத்தணும், இந்தப் பொய்யை என் கணக்குல எழுதிக்கோ'ன்னு. அவருக்கு எல்லாம் தெரியும்."

அட, அவரும் கூட்டா! ஸ்ரீரங்கராஜன் பூஜை மாடத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிபட்டால் மனுஷனுக்கு நியாயம் அநியாயம் தெரியாது. கையில் மிச்சமிருந்ததை எடுத்து வீசினார்.

"காப்பாத்திட்டே. ரொம்பக் காப்பாத்திட்டே. டாக்டர்கிட்டப் போய்ட்டுத்தான் வரேன். வெண்ணெயைவிட இது மோசம்னு சொல்லிட்டா. என் நல்ல கொலஸ்ட்ராலைத் தின்னது இதுதான். மூணு வருஷமா தினம் உன் கையால விஷம் ஊட்டியிருக்கே."

கமலவல்லி நிமிர்ந்தாள். "கொலஸ்ட்ராலே இல்லன்னாரே… ரத்தினவேல் அண்ணா பெட்டியைக் காட்டினாரே… படிச்சுப் பார்த்துட்டுத்தானே வாங்கினேன்…" என்று முனகினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என் கையாலயா?" என்று கேட்டாள். அதையே மறுபடியும் கேட்டாள். தன் வலது கையை, அது வேறு யாருடையதோ போல, மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் ரத்தினவேல் நம்பவைத்து ஏமாற்றியிருக்கிறார் என்பதும், ஏமாற்றியவருக்கே அது தெரியாது என்பதும் ஸ்ரீரங்கராஜன் மண்டையில் உறைத்தது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, 'இருந்தா' என்றுதான் சொன்னார், 'இல்லாமலும் இருக்கலாம்' என்றும் சொன்னார். அதைச் சொல்ல ஒரு விநாடி போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவர் சொல்லவில்லை. அவளும் கொஞ்சம் துடிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

அன்றைக்கு யாரும் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் கூடாரவல்லி. தெரு முழுக்கக் கோலம். எல்லா வீட்டிலும் வெண்கலப் பானை ஏறியிருந்தது. கமலவல்லி குளித்து, மடிப்புடவை உடுத்தி, கண் வீங்கிப்போய் நின்றாள். அவர் திருவாராதனத்துக்கு உட்கார்ந்ததும், அமிர்தம் கொண்டுவந்து, பூஜைக்கென்று மடியாகத் தனியே வைத்திருந்த வெண்ணெய்ச் சட்டியை அவர் எதிரிலேயே கொண்டுவந்து வைத்துத் திறந்தாள். அவர் பார்க்க ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள்.

"பார்த்துக்கோங்கோ. நீங்களே கிண்ணத்தை வெச்சுக்கோங்கோ. இனிமே நான் அதைத் தொடவே மாட்டேன்."

ஸ்ரீரங்கராஜன் கிண்ணத்தைப் பார்த்தார். இளமஞ்சள், வழவழவென்று. நேற்று டப்பாவில் பார்த்ததும் இதேதான். சட்டியில் இருந்தால் வெண்ணெயாகிவிடுமா? பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் மோந்து பார்க்கக் கூடாது, நாக்கில் வைக்கக் கூடாது, மோந்தாலும் எச்சில்தான். யாரையாவது கூப்பிட்டு மோந்து சொல்லச் சொன்னால் அப்புறம் அது பெருமாளுக்கு ஆகாது. அவரே மோந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மாடியில் இருக்கிறவள் சொன்னாலும் நம்ப முடியாது. கொண்டுவந்து வைக்கிறவள் வார்த்தை ஒன்றுதான் ஆதாரம். அவருடைய அப்பா தன் மனைவியின் வார்த்தையை நம்பினார். இவர் முப்பத்தெட்டு வருஷம் இவள் வார்த்தையை நம்பினார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று, நம்பிக்கொண்டிருந்தவரை அவருக்குத் தெரிந்ததே இல்லை.

"வெண்ணெய்தானா?" என்றார்.

"சத்தியமா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு இளகும் என்று எதிர்பார்த்தார். இளகவில்லை. கிண்ணத்தை ஒற்றை விரலால் அவள் பக்கம் நகர்த்தினார். எழுந்து கொல்லைக்குப் போய்த் தன் கையால் நாலு துளசி பறித்தார். தன் கையால் குழாயைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தார். அந்த இரண்டையும் கொண்டுவந்து கண்ணன் முன்னால் வைத்தார். அந்த வீட்டில் அந்த மூர்த்தி வெண்ணெய் இல்லாமல் இருந்த முதல் நாள் அது.

"பெருமாளுக்கு வெண்ணெய்?" என்று கேட்டாள் கமலவல்லி.

"இனிமே வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருவில் யார் வீட்டிலோ அக்காரவடிசில் இறக்கிவிட்டார்கள். குழந்தைகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"இதைத்தானே அன்னிக்கு உங்க காலைப் பிடிச்சுண்டு கேட்டேன்" என்றாள். அவள் குரலில் அழுகைகூட இல்லை. "பொண்டாட்டி மேல பிரியம் இருந்தப்போ அவளுக்காக விட மாட்டேன்னேள். இப்போ அவளை நம்ப முடியலைன்னதும் ஒரே நாள்ல விட்டுட்டேளே."

ஸ்ரீரங்கராஜன் மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்தார். அவளுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று வெகுநேரம் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.